ஆமை நடைக்குப் போய் அமைப்பை எடைபோடுவது எப்படி?

இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தன் கொள்கையை மக்களிடம் எப்படிக் கொண்டுசேர்க்கிறது என்று அறிய, துண்டறிக்கை மட்டும் படித்தால் போதாது. சென்னை பெசன்ட் நகரில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட வரும். அமைப்பினர் நடத்தும் ஆமை நடையில் ஒரு ராத்திரி அவர்களோடு கடற்கரையில் நடந்து பாருங்கள். ஆமை கரையேறும்போது யாராவது செல்போன் வெளிச்சம் அடித்தால் தன்னார்வலர் என்ன செய்கிறார்? "அணைங்க" என்று அதட்டினால் மட்டும் போதாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடக்கூடும் என்று காரணமும் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தவர் அடுத்தவருக்கும் சொல்வார். ஒருமுறை குழுவை நடத்தியவரே ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார். எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம், விடிந்ததும் ஊரூர் குப்பத்தில் வலை சரிசெய்யும் அண்ணன்களிடம், "இவங்க உங்ககிட்ட வந்து பேசுறாங்களா?" என்று கேளுங்கள். மீன்பிடி வலைகளில் ஆமை சிக்குவது உண்டு. அவர்களை விட்டுவிட்டுப் பள்ளிகளில் மட்டும் பேசினால் பாதி வேலை பாக்கி.

அமைப்பிடம் முட்டைக் கணக்கும் கேளுங்கள். ஒரு குழியில் சுமார் 100 முட்டை இருக்கும். பொரிக்காதவற்றையும் சேர்த்துச் சொல்பவர்களை நான் நம்புவேன்.

சரி, நடையில் குடிக்கத் தண்ணீர் எந்த பாட்டிலில் தருகிறார்கள் என்றும் பாருங்கள்.