போர்க்கால வரலாற்றைக் கதையாக நிகழ்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பள்ளிகளில் தமிழில் கதை நிகழ்த்த இப்போது இளைஞர்கள் பலர் வருகிறார்கள். மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால், தொடக்க காலத்தில் எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகள் திரும்ப நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குரல் எட்டாததும் வசனம் மறப்பதும் பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஹிட்லரில் தொடங்குவது

இரண்டாம் உலகப் போர் என்றதும் ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள். இந்த ஊர்க் குழந்தைகளின் கொள்ளுப்பாட்டிகளுக்குப் போர் அரிசிப் பானை வழியாக வந்தது. கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்கள் பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தன. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அரிசி வரத்தும் நின்றது. ரேஷன் வந்தது, மரவள்ளிக்கிழங்கே வேளைச் சாப்பாடானது. சித்தூர் அன்று கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. ஒரு படியில் அரிசி அளந்து மேசையில் வையுங்கள். "உங்கள் வீட்டில் எத்தனை பேர், இது எத்தனை வேளைக்கு வரும்?" என்று கேளுங்கள். கதை அங்கிருந்து கிளம்பட்டும்.

உடை அலங்காரம்

ஒரு துண்டு போதும்.

குழந்தைகளை அடிக்கவும் அடிபடவும் வைப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு. சயாம்–பர்மா ரயில்பாதைக் கதையில்தான் இது அதிகம் நடக்கிறது. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க 1942–43இல் ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் பாதை அது. மலாயா (இன்றைய மலேசியத் தீபகற்பம்) ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்களைக் கூலி தருவதாகச் சொல்லியும், பிறகு வலுக்கட்டாயமாகப் பிடித்தும் கொண்டுபோனார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாகப் பரவியது. ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் மாண்டிருப்பார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இதை நிகழ்த்த வந்த ஓர் இளைஞர் ஒரு பையன் கையில் பிரம்பைக் கொடுத்தார். இன்னொருவன் தலையில் துண்டைக் கட்டிவிட்டு, "அவன் அடிப்பான், நீ விழு" என்றார். முதல் அடிக்கே வகுப்பு சிரித்தது. சிரிப்பு கிடைத்ததும் விழுந்தவன் எழுந்து இன்னும் வேடிக்கையாக விழுந்தான். பிரம்பு வைத்திருந்தவன் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. பிறகொரு நாள் அதே பள்ளிக்குப் போனபோது, விழுந்த பையனை எல்லோரும் "கூலி, கூலி" என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அப்பா முதலமடை மாந்தோப்புகளில் தினக்கூலிக்குப் போகிறவர். இறந்தவர்களை நினைக்க வைக்க வந்த கதை, உயிரோடு இருக்கும் ஒரு குழந்தையை வகுப்பில் தலைகுனிய வைத்துவிட்டது.

"நடித்தால்தானே வலி புரியும்?" என்று கேட்கிறார்கள். புரியாது. இரண்டு நிமிடம் தரையில் உருண்ட பையனுக்குக் காலரா முகாம் எப்படிப் புரியும்? பிரம்பைப் பிடித்தவனுக்குத்தான் ஒன்று புரிகிறது: அடிப்பது சுகமாக இருக்கிறது என்று.

இதற்கு வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில், அதாவது கூத்துக்கென்றே கட்டிய மேடையில், தோல்பாவைக்கூத்து பாருங்கள். திரைக்குப் பின்னால் விளக்குகள் வரிசையாக எரிய, புலவர் கம்பன் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிக்கிறார். ஒரே புலவர் ராமனுக்கும் பேசுவார், ராவணனுக்கும் பேசுவார், இருவராகவும் ஆகிவிடுவதில்லை. அந்த விலகல்தான் நமக்கு வேண்டும். "காவலன் பிரம்பை ஓங்கினான்" என்று சொல்லி நிறுத்துங்கள். உங்கள் கை அசைய வேண்டாம்.

குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டியது முடிவெடுக்கும் தருணத்தை. தோட்டத்தில் பெயர் வாசிக்கிறார்கள். போவதா, ரப்பர் காட்டுக்குள் ஒளிவதா? வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புச் சிறுமி எழுந்து, "ஒளிந்தவன் வீட்டுக்கு அரிசி கொடுப்பதை நிறுத்திவிட்டால்?" என்று கேட்டாள். எதிரணியால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

கற்பனையைப் பதிவோடு கலப்பது

அந்த ரயில்பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் பாத்திரங்களை நாம்தான் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டுங்கள், ஆனால் கட்டியது என்று தெரிய வேண்டும். துண்டு தோளில் கிடந்தால் கற்பனை, மடித்து மேசையில் வைத்தால் பதிவானது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளே காவல்காரர்களாகிவிடுவார்கள். துண்டோடு ஆண்டைச் சொன்னால் "அண்ணா, துண்டு!" என்று குரல் வரும்.

சங்கடமான பாதியை மறைப்பது

ஜான்சி ராணிப் படை என்பது ஜப்பானியர் ஆதரவோடு நேதாஜி நடத்திய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படை. அதற்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமியின் தாய்வீடு இதே மாவட்டத்து ஆனக்கரை என்பதால், அதன் கதையை எல்லாப் பள்ளிகளும் விரும்பிக் கேட்கின்றன. சொல்லத்தான் வேண்டும், மலாயாத் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். ஆனால் அந்தப் படையின் சிங்கப்பூர்ப் பயிற்சி முகாம் திறந்தது 1943 அக்டோபர் 22. ஜப்பானியர் போட்ட ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தது அதே அக்டோபர் 17. மேல் வகுப்புகளில் இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். விடுதலைக்குத் துணை நின்ற அதே ராணுவம்தானா இதையும் செய்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும். சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

பாட்டியை ஒலிபெருக்கி முன் நிறுத்துவது

போருக்குத் தப்பிப் பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பம் என்று தெரிந்தால் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், அவர்கள் விரும்பினால் மட்டும்.

ஆண்டு விழா

அங்கே மேடை ஏற்றாதீர்கள். கைதட்டலுக்கு இடமில்லாத கதை இது.

மணி அடிக்கும்வரை பேசுவது

40 நிமிட வகுப்பில் கதை 20 நிமிடம்தான். மீதி அவர்களுடையது. மலாயா எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக வரும். வரைபடத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.