வீட்டின் கீழ்த்தளத்தில் கடை வைக்கலாமா? சென்னையில் பார்க்கும் முறை

"கீழே ஒரு ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டால் என்ன?" சென்னையில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத வீட்டுக்காரர் குறைவு. சரி, கொத்தனாரைக் கூப்பிடும் முன் இவற்றைப் பாருங்கள்.

1. சர்வே எண்ணை எடுங்கள்

கதவு எண் உதவாது. பட்டாவில் உள்ள சர்வே எண்ணை சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இணையதளத்தில் கிராமத்தின் பெயரோடு கொடுத்தால், உங்கள் மனை எந்த உபயோகப் பகுதியில், அதாவது வீட்டுக்கா கடைக்கா என்று நிலத்தைப் பிரித்த வகையில் எதில் வருகிறது என்று தெரியும். மயிலாப்பூரும் அங்கே 'கிராமம்'தான், குழம்ப வேண்டாம்.

2. பகுதி என்ன சொல்கிறது?

வணிகப் பகுதி என்றால் தலைவலி குறைவு. கலப்புக் குடியிருப்பிலும் கடைகளுக்கு ஓரளவு தாராளம் உண்டு. ஆதாரக் குடியிருப்பு (முக்கியமாக வீடுகளுக்கான பகுதி) என்று வந்தால்தான் கவனம் தேவை. மளிகை, டீக்கடை, பால் பூத், தையல் கடை மாதிரி அன்றாடத் தேவைக்கான சிறு கடைகள்தான் அங்கே. பட்டியல் 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. "சின்ன ஷோரூம்தான் சார்" என்று வருபவரின் தொழில் அதில் உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

3. அப்ரூவல் ஆன பிளானை விரித்துப் பாருங்கள்

பலர் சறுக்குவது இங்கேதான். தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளமாக இருந்தால், வரைபடத்தில் தூண்களுக்கு நடுவே எண் போட்ட கட்டங்கள் தெரியும். ஒவ்வொன்றும் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், ஒரு கார் நிற்க. அந்த இடத்தைக் காட்டித்தான் மேல்தளங்களுக்கே அனுமதி வாங்கியிருப்பீர்கள். அதைச் சுவர் எழுப்பி அடைத்தால், பகுதி வணிகமாகவே இருந்தாலும் விதிமீறல்தான், சீல் வைக்கலாம். அடுக்குமாடி என்றால் அது பக்கத்து வீட்டுக்காரரின் பார்க்கிங்காகவும் இருக்கும், சண்டை தனி.

பார்க்கிங் அல்ல, வீடாகக் காட்டிய அறை என்றால், லைசென்ஸ் உள்ள இன்ஜினியரை வைத்துத் திருத்திய பிளானுக்கு விண்ணப்பிக்கலாம்.

4. ஈ.பி., வரி, உரிமம்

கடைக்குத் தனி மீட்டர், வணிகக் கட்டணம். வீடுகளுக்கான இலவச யூனிட் இதற்குக் கிடையாது. வீட்டு இணைப்பிலேயே ஓட்டிப் பிடிபட்டால், 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்ட வேண்டும். சொத்து வரியையும் குடியிருப்பு அல்லாத கட்டடமாக மாற்றிக்கொள்ளுங்கள். மாநகராட்சி தொழில் உரிமம் கடைக்காரர் பொறுப்பு.

அப்புறம், வாடகை ஒப்பந்தத்தில் 'வணிகம்' என்று பொதுவாக எழுதாமல் என்ன கடை என்றே எழுதுங்கள். டீக்கடை மூன்றாம் மாதம் பிரியாணிக் கடையாகும் ஊர் இது.