பீரோவுக்குள் தூங்கும் ஆர்டுயினோ

உங்கள் பள்ளியில் டிங்கரிங் லேப், அதாவது பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பார்க்கும் கூடம், இருக்கிறதா? முதலில் அங்குள்ள பீரோவைப் பாருங்கள். பூட்டிக் கிடந்தால் பாதித் தவறு அதற்குள்ளேயே இருக்கிறது. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டம் 2016-இல் தொடங்கியது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். பணத்தோடு ஸ்டாக் ரெஜிஸ்டரும் வந்துவிடும். ஆர்டுயினோ மாதிரி ஒரு போர்டு (கணினியில் எழுதிய நிரல்படி விளக்கு, மோட்டாரை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை) கருகினால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில், வாங்கிய பொருள் பிரிக்கப்படாமலே பழசாகிப்போகும். எல்இடி, மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர், இணைக்கும் ஜம்பர் வயர் எல்லாம் சில ரூபாய்ச் சமாச்சாரம். அவற்றைச் சாக்பீஸ் மாதிரி தீர்ந்துபோகும் பொருளாக எழுதி, தனி டப்பாவில் போட்டு மேஜைமேல் வைத்துவிடுங்கள். போர்டுகளை வேண்டுமானால் எண்ணிக் கொடுங்கள்.

அடுத்தது எக்ஸிபிஷன் வியாதி. கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்புதான் லேப் திறக்கும். கை நீட்டினால் மூடி திறக்கும் குப்பைத்தொட்டி, தடையைக் கண்டால் கத்தும் ஊன்றுகோல், கறுப்புக் கோட்டில் ஓடும் வண்டி. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இந்த மூவரும் வந்திருப்பார்கள்! திட்டங்கள் மோசமில்லை. நிரலை எங்கிருந்தோ அப்படியே ஒட்டுவதுதான் மோசம்.

குப்பைத்தொட்டியையே எடுத்துக்கொள்வோம். அதில் இருக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. ஒட்டிய நிரலில் பெரும்பாலும் அந்த நேரத்தை 58-ஆல் வகுத்திருப்பார்கள். ஏன் 58? ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு சென்டிமீட்டர் கடக்க ஏறக்குறைய 29 மைக்ரோநொடி. போகவும் வரவும் சேர்த்து 58. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு தாராளமாக வரும். ஆனால் யாரும் கேட்பதில்லை. “மூடி 20 சென்டிமீட்டரில் திறக்கிறது, 10-இல் திறக்க என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். நிரலை மாற்றத் தெரிந்தால்தான் அது அந்தப் பிள்ளை செய்த குப்பைத்தொட்டி.

மின்சாரத்தில் நடக்கும் தவறுகள் தனி ரகம். ஆர்டுயினோ ஊனோ போர்டின் ஒரு பின் (வயர் மாட்டும் முனை) 20 மில்லியாம்ப் மின்னோட்டம் வரை நிம்மதியாகத் தரும். 40 என்பது உச்ச வரம்பு. பொம்மைக் கார் மோட்டாரோ கிளம்பும்போதே நூற்றுக்கணக்கில் கேட்கும். பின்னிலேயே மோட்டாரை மாட்டினால் போர்டு சாகலாம். நடுவில் மோட்டார் டிரைவர் வேண்டும்; போர்டின் சொல்படி பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு விடும் சுற்று அது. மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்தால், அதன் கிரவுண்டையும் (மைனஸ் முனை) போர்டின் கிரவுண்டையும் இணைக்க மறக்கக் கூடாது. அந்தப் பேட்டரி சதுர 9 வோல்ட்டாக இருந்தால் வண்டி கொஞ்ச தூரம் ஓடி மூச்சு வாங்கும். அந்தப் பேட்டரியால் அவ்வளவு மின்னோட்டம் தர முடியாது. நான்கு ஏஏ செல்கள் எவ்வளவோ மேல். அப்புறம், எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் மாட்டுவது. 220 ஓம் போட்டால் சிவப்பு எல்இடிக்குச் சுமார் 14 மில்லியாம்ப் போகும், போதும். ஒன்றிரண்டு எரியட்டும், பரவாயில்லை. எரிந்ததை வைத்தே ஓம் விதியைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

நான் அதிகம் செய்த தவறு வேறு. நான்கு பேருக்கு ஒரு கிட். துறுதுறுவென்று இருக்கும் பையன் வயரைப் பிடிப்பான், இன்னொருவன் மவுஸை. கையெழுத்து அழகாக இருக்கும் பெண்ணிடம் ரெக்கார்டு நோட்டு போய்விடும். அது நியாயமா என்று எனக்கு ரொம்ப நாள் தோன்றவே இல்லை. ஒருநாள் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்) அசையவில்லை. மவுஸை நானே பிடுங்கிக்கொண்டு ஒரு பீரியட் முழுக்க நிரலில் பிழை தேடினேன். மணி அடிக்கும் நேரத்தில் நோட்டுப் பெண் கேட்டாள்: “சார், பிரெட்போர்டுல இந்தச் சிவப்புக் கோடு ஏன் நடுவுல விட்டுப்போயிருக்கு?”

பிரெட்போர்டு என்பது வயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை. சில நீளமான பிரெட்போர்டுகளில் ஓரத்து மின்வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். நாங்கள் மின்சாரம் கொடுத்தது ஒரு பாதியில், சர்வோ மாட்டியது மறுபாதியில். அந்தக் கோடு விட்டுப்போன இடம் பார்த்து படம் வரைந்துகொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு துண்டு வயரால் இரண்டு பாதிகளையும் இணைத்ததும் சர்வோ திரும்பியது. அடுத்த வகுப்பிலிருந்து 10 நிமிடத்துக்கு ஒருமுறை நால்வரும் இடம் மாற வேண்டும் என்று வைத்தேன். மவுஸ் பக்கம் நான் போவதில்லை.