போலீஸ் ஆவணங்களை ஆர்.டி.ஐ.யில் கேட்பது எப்படி? ‘தனிப்பட்ட தகவல்’ என்று திருப்பி அனுப்பாதபடி

காவல் துறைக்கு ஆர்.டி.ஐ. போட்டவர்களுக்கு அடிக்கடி வரும் பதில் இரண்டே வரிதான்: “தாங்கள் கோரிய தகவல் தனிப்பட்ட நபர் சம்பந்தப்பட்டது. எனவே தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 8(1)(ஜே)-ன்படி வழங்க இயலாது.” இதைப் படித்ததும், போலீஸ்காரர்களைப் பற்றி எதுவுமே கேட்க முடியாது போல என்று முடிவு கட்டி மனுவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கேட்க முடியும். பல நேரம் கேள்வியை எழுதிய விதம்தான் இந்தப் பதிலை வரவழைக்கிறது. ஓர் அதிகாரியின் பெயரைப் போட்டு அவருடைய பைலை மொத்தமாகக் கேட்டால் மறுப்பு நிச்சயம். அதே அதிகாரி டியூட்டியில் இருந்தபோது செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தின் பதிவைக் கேட்டால், மறுப்பதற்கு அவர்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும்.

முதலில், ஆர்.டி.ஐ.யே தேவைப்படாத விஷயங்களைத் தனியாக எடுத்துவிடுவோம். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் போலீஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு, அந்த முடிவையும் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் எடுக்க வேண்டும். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே மாவட்டம், நிலையம், வருடம், எண் போட்டுத் தேடிப் பார்க்கலாம். புகார் கொடுத்தவர் நீங்கள் என்றால் எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், அது பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-லேயே இருக்கிறது. 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டும், அது பிரிவு 193. கைதானவர்களின் பெயர், என்ன குற்றச்சாட்டு என்ற விவரங்களை ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும், அது பிரிவு 37. இதற்கெல்லாம் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி முப்பது நாள் காத்திருப்பது வீண்.

அடுத்தது, அதிகாரியின் பெயர். இது ரகசியம் என்று ஸ்டேஷனில் சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். கைது செய்கிற போலீஸ்காரர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிகிற பட்டையை அணிந்திருக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி, இப்போது பி.என்.எஸ்.எஸ். 36-ல் சட்டமாகவே இருக்கிறது. ஆர்.டி.ஐ. சட்டத்தின் பிரிவு 4-ம் அலுவலர்களின் பட்டியலையும் அவர்கள் வாங்கும் மாதச் சம்பளத்தையும் யாரும் கேட்காமலேயே வெளியிடச் சொல்கிறது. ஆக பெயர், பதவி, எந்த ஸ்டேஷன், என்ன சம்பளம், அன்றைக்கு என்ன டியூட்டி என்பதெல்லாம் அவருடைய உத்தியோகத்தைச் சேர்ந்தவை.

வீட்டு முகவரி, சொந்த செல்போன் எண், குடும்பம், மருத்துவச் சான்றுகள், வங்கிக் கடன் இதெல்லாம் வேறு கணக்கு. இவற்றை மறைப்பதில் நியாயம் இருக்கிறது, கேட்கவும் கூடாது என்பதுதான் என் கருத்து. ரவுடியை உள்ளே தள்ளிய ஒரு ஏட்டையாவின் பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. உயிருக்கு ஆபத்து வரக்கூடிய தகவலையும், ரகசியமாகத் துப்பு கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கிற தகவலையும் பிரிவு 8(1)(ஜி) தனியாகவே காப்பாற்றுகிறது.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில்தான். அதிகாரி மீது வந்த புகார், கொடுத்த மெமோ, 3(ஏ), 3(பி) சார்ஜ் (காவலர் ஒழுங்கு விதிகளின்படி சிறு தண்டனைக்கும் பெரிய தண்டனைக்கும் கொடுக்கிற குற்றச்சாட்டு), தண்டனை, சஸ்பெண்ட் எல்லாம் எந்தப் பக்கம் சேரும்? 2012-ல் கிரிஷ் ராம்சந்திர தேஷ்பாண்டே வழக்கில், ஓர் ஊழியரின் மெமோ, ஷோ காஸ் நோட்டீஸ், தண்டனை, சொத்து விவரம் ஆகியவை அவருக்கும் அவரை வேலைக்கு வைத்தவருக்கும் இடைப்பட்ட விஷயம், பெரிய பொதுநலன் இருந்தால் ஒழிய கொடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. காவல் துறை மறுப்புகளுக்குப் பின்னால் பெரும்பாலும் நிற்பது இந்தத் தீர்ப்புதான். அதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முன்பு 8(1)(ஜே)-யில், பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடுகிற தகவலைத்தான் மறுக்கலாம் என்று இருந்தது. சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ‘தனிப்பட்ட தகவல்’ என்று மட்டும் விட்டுவைத்தது, 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. என்னைக் கேட்டால் இது பெரிய பின்னடைவு, காவல் துறை விஷயத்தில் ரொம்பவே.

ஆனால் பிரிவு 8(2)-ஐ யாரும் தொடவில்லை. தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநலன், அதனால் ஏற்படும் பாதிப்பைவிடப் பெரிதென்றால் எந்த விலக்கையும் மீறிக் கொடுக்கலாம் என்கிற பிரிவு அது. அப்புறம் பிரிவு 10 இருக்கிறது: ஓர் ஆவணத்தில் மறைக்க வேண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் அடித்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கிற இரண்டு ஆயுதங்கள் இவைதான், இரண்டையும் மேல்முறையீட்டுக்கு என்று எடுத்து வைக்காமல் முதல் மனுவிலேயே எழுதிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று பிரிவு 6(2) சொல்வது உண்மைதான், ஆனாலும் அதிகாரி பற்றிய ஆவணம் என்று வரும்போது பொதுநலனை நாமே எழுதிக் கொடுப்பது நல்லது. அவர்களாக யோசித்துப் பார்த்துக் கொடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

சரி, மனுவை எப்படி எழுதுவது? இப்படி எழுதினால் நிச்சயம் திரும்பி வரும்:

“உதவி ஆய்வாளர் இன்னார் மீது இதுவரை வந்த எல்லாப் புகார்களும், அவர் வாங்கிய தண்டனைகளும், அவருடைய சர்வீஸ் ரிஜிஸ்டரும் வேண்டும். அவர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?”

இதில் மூன்று கோளாறு. ஆளை வைத்துக் கேட்கிறது, காலம் இடம் எதுவும் இல்லை, கடைசியில் ‘ஏன்’ என்று ஒரு கேள்வி. ஆர்.டி.ஐ.யில் ஏற்கெனவே இருக்கிற ஆவணத்தைத்தான் கேட்கலாம். புதிதாக விளக்கம் எழுதித் தரவோ கருத்துச் சொல்லவோ தகவல் அலுவலருக்குக் கடமை இல்லை, இதுவும் 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். இதையே இப்படி மாற்றுங்கள்:

“இன்ன தேதியில் நான் இந்த அலுவலகத்தில் கொடுத்த புகார் மனு (மனு ஏற்பு ரசீது எண் இன்னது) மீது நடந்த விசாரணை அறிக்கையின் நகல், அதன் மேல் பிறப்பிக்கப்பட்ட இறுதி ஆணையின் நகல், அந்த மனு எந்தெந்த அலுவலருக்கு எந்தெந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்ற பதிவேட்டுப் பக்கத்தின் நகல் வேண்டும். இவற்றில் சாட்சிகளின் பெயர், அலுவலரின் வீட்டு முகவரி, குடும்ப விவரங்கள் இருந்தால் பிரிவு 10-ன்படி அவற்றை நீக்கிவிட்டு மீதியை வழங்கவும். பொது ஊழியர் பணியில் இருந்தபோது செய்த செயல் பற்றிய புகார் என்பதால் பிரிவு 8(2)-ன்படி பொதுநலன் மேலோங்குகிறது.”

‘இதை அடித்துவிட்டே கொடுங்கள்’ என்று நாமே சொல்லிவிட்டால், அந்தரங்கத்தைக் காரணம் காட்டி முழுப் பைலையும் மூடி வைப்பது அவர்களுக்குக் கஷ்டம். புகார்தாரர் நீங்களே என்பதையும் தெளிவாக எழுதுங்கள், மூன்றாவது ஆள் கேட்பதற்கும் பாதிக்கப்பட்டவர் கேட்பதற்கும் எடை வேறு. நீங்கள் பத்திரிகையாளரோ அமைப்போ என்றால் தனி ஆளை விட்டுவிட்டு எண்ணிக்கையைக் கேளுங்கள்: இந்த மாவட்டத்தில் கடந்த மூன்று வருடத்தில் காவலர்கள் மீது வந்த புகார்கள் ஸ்டேஷன் வாரியாக எத்தனை, எத்தனையில் 3(பி) சார்ஜ் கொடுக்கப்பட்டது, எத்தனை முடிந்தது. பெயர் இல்லாத எண்ணிக்கைக்கு 8(1)(ஜே) பொருந்தாது. ஆவணம் எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், அதுவும் உரிமைதான். தமிழ்நாட்டில் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

இன்னொரு வழக்கமான பதில், “வழக்கு விசாரணையில் உள்ளது”. பிரிவு 8(1)(எச்) மறுக்கச் சொல்வது விசாரணையைத் தடுக்கக்கூடிய தகவலைத்தான். விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, இந்தத் தாளைக் கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்று சொல்ல வேண்டும் என டெல்லி உயர் நீதிமன்றம் பகத் சிங் வழக்கில் 2007-ல் சொன்னதை மேல்முறையீட்டில் எழுதுங்கள். கேஸ் டைரியை (விசாரணை அதிகாரி நாள்தோறும் எழுதும் குறிப்பு) மட்டும் கேட்காதீர்கள், அது குற்றம் சாட்டப்பட்டவருக்கே கிடைப்பதில்லை. சில பைல்களில் ‘ரகசியம்’ என்று சீல் குத்தியிருப்பார்கள். அந்த சீலுக்காகவே மறுக்க முடியாது, அலுவல் ரகசியச் சட்டத்தைவிட ஆர்.டி.ஐ. மேலே என்று பிரிவு 22 சொல்கிறது.

சி.சி.டி.வி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தாமதித்தால் எல்லாம் போச்சு. எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அவ்வளவு வசதி இல்லாவிட்டாலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதே வருடம் ஜூனில்தான் சாத்தான்குளம் நடந்தது. ஹார்டு டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். அதனால் சம்பவம் நடந்த மறுநாளே எஸ்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள்: இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, வரவேற்பறை, லாக்கப் வாசல், ரைட்டர் அறை கேமராப் பதிவுகளை அழிக்காமல் வைத்திருக்கவும் என்று. ஆர்.டி.ஐ. அதற்கு அடுத்தது. ஒரு நாள் முழுவதும் வேண்டும் என்று கேட்டால், புகார் கொடுக்க வந்த மற்றப் பெண்கள் தெரிகிறார்கள், துப்பு கொடுக்க வந்தவர் தெரிகிறார் என்று மறுப்பார்கள், அதில் நியாயமும் இருக்கும். நீங்கள் உள்ளே இருந்த நேரத்தை மட்டும் கேளுங்கள், மற்றவர்கள் முகத்தை மறைத்துத் தரச் சொல்லுங்கள்.

லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போடுவதாக இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள், 2008-ல் தமிழக அரசு பிரிவு 24(4)-ன் கீழ் அதற்கு ஆர்.டி.ஐ.யிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. ஆனால் ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே பிரிவிலேயே இருக்கிறது. மனித உரிமை மீறல் என்றால் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும்.

அனுப்புவது சுலபம். பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், மாநகரம் என்றால் ஆணையர் அலுவலகம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வேறு அலுவலகத்தில் இருக்கிற தகவல் என்றால் 5 நாளில் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்கு 30 நாள். ஒருவர் லாக்கப்பில் இருக்கிறார் என்பது போல உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று பிரிவு 11-ஐக் காட்டினால் 40 நாள் வரை போகலாம். அவர் ஆட்சேபித்தார் என்பதற்காகவே மறுக்க முடியாது, ஆட்சேபணையைக் கேட்டுவிட்டு முடிவெடுக்க வேண்டியவர் தகவல் அலுவலர்தான்.

மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அங்கும் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். நீளமாக எழுதாதீர்கள். எந்த வரி யாருடைய அந்தரங்கத்தைத் தொடுகிறது என்று சொல்லவில்லை, பிரிவு 10-ஐப் பயன்படுத்தவில்லை, 8(2)-ஐப் பரிசீலிக்கவே இல்லை என்ற மூன்றும் போதும். காரணமின்றித் தாமதித்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் என்பதையும் கடைசி வரியில் சேர்த்துவிடுங்கள். சம்பவம் 20 வருடத்துக்கு முந்தையது என்றால் பிரிவு 8(3)-ஐயும் எழுதுங்கள், அவ்வளவு பழைய விஷயத்துக்கு 8(1)(ஜே) தடை நிற்காது.

தாள்கள் கைக்கு வந்ததும் அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள். அலுவலகத்தில் அடிக்க மறந்த முகவரிகளும் செல் நம்பர்களும் எங்கேயாவது இருக்கும், ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து நீங்களே அடியுங்கள். பாலியல் வழக்கு என்றால் பாதிக்கப்பட்டவர் யாரென்று தெரியும்படி எதை வெளியிட்டாலும் பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 72-ன்படி குற்றம், குழந்தை என்றால் போக்சோ 23-ம் சேர்ந்துகொள்ளும், ஆவணத்தை ஆர்.டி.ஐ.யில் வாங்கினேன் என்பது அங்கே செல்லாது.