குழு ப்ராஜெக்ட் ஒருவர் தலையில் விழாமல் இருக்க: இறுதியாண்டு மாணவர்களுக்கான செய்முறை

பொறியியல் இறுதியாண்டில் நாங்கள் நால்வர் ஒரு பேட்ச். அறிக்கையைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய இரவு, பைண்டிங் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவசரப்படுத்திக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் பக்க எண்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வாட்ஸாப் குழுவில் வந்த ஒரே செய்தி, “ஏதாவது ஹெல்ப் வேணும்னா சொல்லு மச்சான்” என்பதுதான். இது எங்கள் ப்ராஜெக்ட்தான் என்று கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழில் நால்வர் பெயரும் ஒரே எழுத்தளவில் இருந்தன. கோபம் தணிந்த பிறகுதான், யார் எதைச் செய்ய வேண்டும் என்று நாங்கள் எங்குமே எழுதி வைக்கவில்லை என்பது உறைத்தது.

தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புதிதல்ல. சில கைகள் வடத்தில் இருக்கும், இழுப்பில் இருக்காது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான், கயிறு இழுப்பவர்களின் விசையை அளந்து 1913-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரின் சராசரிப் பங்கு குறைவதைக் காட்டினார். லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய உளவியலாளர்கள் மூவரும் கைதட்டலையும் கூச்சலையும் வைத்து 1979-இல் அதையே மீண்டும் கண்டனர். தம் பங்கு தனியாக அடையாளம் காணப்படும் என்று தெரிந்தபோது அந்தத் தளர்ச்சி மறைந்ததை, 1981-இல் வெளியிட்ட ஆய்வில் அவர்களே காட்டினர். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்த அடையாளத்தை உண்டாக்குவதற்கானவை.

படி 1: ஜீரோத் ரிவ்யூவுக்கு (ப்ராஜெக்ட்டின் முதல் மதிப்பாய்வுக்கு) முன்பே ஒரு கூகுள் ஷீட்டைத் திறந்து, வேலை, பொறுப்பாளர், கெடு தேதி, முடிந்ததற்கான அடையாளம் என்று நான்கு பத்திகள் இடுங்கள். பொறுப்பாளர் பத்தியில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். “லிட்டரேச்சர் சர்வே: எல்லோரும்” என்று எழுதினால் அதை யாரும் செய்யப்போவதில்லை. “எட்டுக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரிச் சுருக்கம், வெள்ளிக்கிழமைக்குள்” என்று எழுதினால், முடிந்ததா இல்லையா என்ற வாதத்துக்கே இடமில்லை.

படி 2: அறிக்கையை முதல் நாளிலிருந்தே கூகுள் டாக்ஸில் எழுதுங்கள். ஃபைல் மெனுவில் உள்ள வெர்ஷன் ஹிஸ்டரியில் யார், எப்போது, எதை எழுதினார்கள் என்பது தெரியும். ஆனால் லிங்க்கை வைத்திருக்கும் எவரும் திருத்தலாம் என்று விட்டுவிட்டால் திருத்தங்கள் பெயரில்லாமல் பதிவாகக்கூடும் என்பதால், ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சல் முகவரியில் சேர்க்க வேண்டும். ஒருவர் வேர்டில் எழுதி அனுப்பியதை இன்னொருவர் ஒட்டினால், ஒட்டியவர் பெயரே பதிவாகும். அது உழைத்தவருக்குச் செய்யும் அநியாயம்.

கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட் (Git) என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லேபில் ஒரே கணினியில் நால்வரும் மாறி மாறி உட்கார்ந்து கமிட் செய்தால் (மாற்றங்களைப் பதிந்தால்), அந்தக் கணினியில் யாருடைய பெயரும் மின்னஞ்சலும் அமைக்கப்பட்டுள்ளனவோ அவர் கணக்கிலேயே எல்லாம் சேரும். எங்கள் பேட்சில் நடந்ததும் இதுதான்: டேட்டாபேஸ் முழுவதையும் எழுதிய நண்பர், பதிவின்படி ஒரு வரிகூட எழுதவில்லை.

படி 3: வாரம் ஒருமுறை, கேன்டீனிலோ லேப் வாசலிலோ பதினைந்து நிமிடம் ஷீட்டை மட்டும் பாருங்கள்.

படி 4: ஒருவர் இரண்டு கெடுக்களைத் தவறவிட்டால், குழுவில் எல்லோர் முன்னிலையிலும் கேட்காமல் தனியாகப் போனில் அழையுங்கள். அரியர் பேப்பர், பிளேஸ்மென்ட் தேர்வு, வீட்டுச் சூழல் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பல நேரம் கொடுத்த பகுதி புரியவில்லை என்பதைச் சொல்லக் கூச்சப்படுவதுதான் காரணம். “இந்த மாட்யூல் கஷ்டமா இருந்தா டெஸ்டிங்க நீ எடுத்துக்கறியாடா?” என்று கேட்டுப் பாருங்கள். புதிய வேலையை மறக்காமல் ஷீட்டில் ஏற்றுங்கள்.

படி 5: அதற்கும் அசையாவிட்டால், இரண்டாம் ரிவ்யூவுக்கு முன்பே கைடிடம் (ப்ராஜெக்ட்டை வழிநடத்தும் ஆசிரியரிடம்) செல்லுங்கள். புகார்ப் பட்டியலாக எழுதாமல் இப்படி எழுதலாம்: “ஐயா, எங்கள் வேலைப் பகிர்வு அட்டவணையை இணைத்துள்ளோம். மூன்றாம் மாட்யூல் இரண்டு வாரமாக நகரவில்லை. ரிவ்யூவில் ஒவ்வொருவரிடமும் அவரவர் பகுதியைப் பற்றித் தனியாகக் கேள்வி கேட்குமாறு வேண்டுகிறோம்.” அனுப்புவதற்கு முன், சம்பந்தப்பட்ட நண்பரிடமும் அதைக் காட்டிவிடுங்கள்.