தெரியும், முடியும், செய்யலாம்: மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே 'கேன்' போதுமா?

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியாவுக்கு அருகே, வாரம் இரண்டு மாலை, பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். உணவகத்தில் வேலை பார்ப்பவர்கள், துணிக்கடையில் நிற்பவர்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு படிக்க வந்த இல்லத்தரசிகள் என்று பலரும் வருகிறார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் முதல் நாள் பலகையில் மூன்று தமிழ் வாக்கியங்களை எழுதுவேன்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியும்.
என்னால் இன்று கார் ஓட்ட முடியும்.
நான் கார் ஓட்டலாம்.

இவற்றை மலாயில் சொல்லுங்கள் என்பேன். பேச்சு மலாயில் மூன்றுக்கும் 'போலே' என்ற ஒரு சொல்லே வந்து விழும். ஆங்கிலத்தில் கேட்டாலும் அப்படித்தான்: 'ஐ கேன் டிரைவ்', 'ஐ கேன் டிரைவ்', 'ஐ கேன் டிரைவ்'. தமிழில் மட்டும் கற்ற திறமை, உடலுக்கும் நேரத்துக்கும் உள்ள வலிமை, பிறர் தரும் அனுமதி ஆகிய மூன்றும் மூன்று உருவத்தில் தனித்தனியாக நிற்கின்றன. ஆங்கில இலக்கணம் படிக்கும்போது தமிழை மறந்துவிடு என்று சிலர் சொல்கிறார்கள். இந்தப் பாடத்தில் நான் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். வாக்கியத்தை முதலில் தமிழில் நினையுங்கள். முடிவில் 'தெரியும்' வருகிறதா, 'முடியும்' வருகிறதா, 'லாம்' வருகிறதா என்று பாருங்கள். எந்த ஆங்கிலச் சொல் வேண்டும் என்பதை அந்த முடிவே பெரும்பாலும் காட்டிவிடும்.

முதல் படி: தெரியும், முடியும் என்றால் 'கேன்'

தெரியும், முடியும் இரண்டும் திறமையைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் 'கேன்' சரி. 'ஐ கேன் ஸ்விம்' என்றால் எனக்கு நீந்தத் தெரியும். 'ஐ கேன் கம் டுமாரோ' என்றால் என்னால் நாளை வர முடியும்.

இந்தக் 'கேன்' பழைய ஆங்கிலத்தில் 'குன்னன்' என்று இருந்தது. அறிதல் என்பதே அதன் பொருள். அறிவதைக் குறிக்கும் 'நோ' என்ற சொல்லும் இதற்கு உறவு. நாம் நீந்தத் 'தெரியும்' என்கிறோமே, அதே எண்ணத்தில்தான் அவர்களுடைய சொல்லும் பிறந்திருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பில் யாராவது ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். அன்னிய மொழி என்ற அச்சம் அந்த இடத்தில் கொஞ்சம் விலகுகிறது.

இரண்டாம் படி: வாக்கியத்தைக் கட்டுவது

தமிழில் வினை முன்னால், 'முடியும்' கடைசியில். ஆங்கிலத்தில் 'கேன்' முன்னால் வரும், வினை அதன் பின்னால் ஒட்டும். வினைக்கு வால் எதுவும் கூடாது. 'ஷி கேன் குக்' என்பதே சரி. 'ஷி கேன் குக்ஸ்' தவறு. இடையில் 'டு' நுழைக்கவும் கூடாது. 'ஐ வான்ட் டு கோ' என்று பழகிய நாக்கு 'ஐ கேன் டு கோ' என்று தானாக ஓடும். அதை அங்கேயே நிறுத்திப் பழகுங்கள்.

நினைவில் வைக்க ஒரு வழி உண்டு. என்னால் முடியும், அவளால் முடியும், அவர்களால் முடியும் என்று ஆள் மாறினாலும் 'முடியும்' மாறுவதில்லை. போகலாம் என்பதும் அப்படியே. 'கேன்' அதே குணம் கொண்டது: 'ஐ கேன்', 'ஷி கேன்', 'தே கேன்'. மாறுவது முன்னால் நிற்கும் ஆள் மட்டுமே. எனக்கு, என்னால், நான் என்று தமிழில் மூன்று உருவம் எடுப்பது ஆங்கிலத்தில் 'ஐ' என்ற ஒன்றில் அடங்கிவிடுகிறது.

கேள்வி கேட்க இரண்டையும் இடம் மாற்றினால் போதும். 'யூ கேன் குக்' என்பது 'கேன் யூ குக்?' ஆகும். 'டு யூ கேன் குக்?' என்று தொடங்காதீர்கள்.

நம் ஊர்ச் சந்தையில் 'கேன் ஆர் நாட்?' என்று கேட்டால் 'கேன்' என்று பதில் வரும், காரியமும் நடந்துவிடும். அதைப் பேசுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே கடை முன்னால் நின்று வளர்த்த பேச்சு அது. ஆனால் நேர்முகத் தேர்விலும் கடிதத்திலும் அது துணைக்கு வராது. அங்கே யாரால், எது என்று இரண்டும் இருக்கும் முழு வாக்கியம் வேண்டும்.

மூன்றாம் படி: 'கேன்' எங்கே, 'காண்ட்' எங்கே

எதிர்மறை 'கேனாட்'. எழுதும்போது அது ஒரே சொல். பேச்சில் சுருங்கி 'காண்ட்' ஆகும். பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'கா' நீளும். அமெரிக்கப் பேச்சில் 'கேண்ட்' என்று ஒலிக்கும். போதாதற்கு, வாக்கியத்தின் நடுவில் 'கேன்' தன் அழுத்தத்தை இழந்து 'கன்' என்று மெலிந்துவிடும்: 'ஐ கன் டூ இட்'. காது தடுமாறுவது இங்கேதான்.

நானும் தடுமாறியிருக்கிறேன். என் தாயாரை மருத்துவமனையில் சேர்த்திருந்த ஓர் இரவு, துணைக்குத் தங்கலாமா என்று தாதியிடம் கேட்டேன். அவர் விரைவாக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்தார். 'யூ கேன் ஸ்டே' என்று என் காதில் விழுந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்குக் காவலர் வந்து எழுப்பிய பிறகுதான் அவர் சொன்னது 'யூ கேண்ட் ஸ்டே' என்று புரிந்தது. 'கேண்ட்' என்பதன் கடைசி டகரம், அடுத்து வந்த 'ஸ்டே'யில் கரைந்து போயிருந்தது.

அன்று முதல் இரண்டு பழக்கங்கள் வைத்திருக்கிறேன். நான் மறுக்க வேண்டுமானால், தொலைபேசியில் கட்டாயமாக, 'கேனாட்' என்று முழுதாகச் சொல்கிறேன். பிறர் சொன்னது தெளிவாகக் கேட்கவில்லை என்றால் 'ஸோ, ஐ கேனாட் ஸ்டே?' என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்கிறேன். நீங்களும் செய்யுங்கள். மருத்துவமனை, வங்கி, குடிநுழைவு அலுவலகம் போன்ற இடங்களில் இந்த ஒரு கேள்வி பெரிய அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நான்காம் படி: 'லாம்' என்றால் அனுமதி

'உட்காரலாமா?' என்று கேட்க ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் உண்டு: 'கேன் ஐ', 'குட் ஐ', 'மே ஐ'. பொருள் ஒன்று, மரியாதை வேறு.

சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடையை, நண்பகல் நேரத்தில், நினைத்துக்கொள்ளுங்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுகிறீர்கள். ஒரு மேசையில் உங்கள் வயதுக்காரர் தனியாகச் சாப்பிடுகிறார். 'கேன் ஐ சிட் ஹியர்?' போதும். அதே மேசையில் வயதான, முன்பின் தெரியாத ஒருவர் இருந்தால் 'குட் ஐ சிட் ஹியர்?' என்றால் குரல் ஒரு படி பணிவாகிறது. நேர்முகத் தேர்வு அறையின் கதவைத் தட்டி நிற்கும்போது 'மே ஐ கம் இன்?' என்பது பொருந்தும். 'வரலாமா?' என்று கேட்பதற்கும் 'உள்ளே வரலாமா ஐயா?' என்று கேட்பதற்கும் உள்ள தூரம்தான் இது. நம்மிடம் 'ஐயா' செய்யும் வேலையை அங்கே 'கேன்', 'குட்', 'மே' போன்ற துணைவினை செய்கிறது.

அனுமதிக்கு 'மே' மட்டுமே சரி, 'கேன் ஐ' என்றால் தவறு என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள் இருந்தார்கள். இன்று 'கேன் ஐ' நல்ல ஆங்கிலமாகவே ஏற்கப்படுகிறது. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

'குட்' பற்றி ஒரு குறிப்பு. இதை 'கல்' என்பதில் வரும் வன்மையான ககரத்தோடு சொல்ல வேண்டும். நல்லது என்னும் பொருளுள்ள 'குட்' வேறு. எழுத்தில் நடுவே ஓர் 'எல்' நிற்கும், ஆனால் அது ஒலிக்காது. பழைய வடிவத்தில் அந்த எழுத்தே கிடையாது. 'வுட்', 'ஷுட்' ஆகியவற்றைப் பார்த்துப் பின்னாளில் சேர்த்துவிட்டார்கள்.

பதில் சொல்லும்போது 'குட்' வேண்டாம். 'குட் ஐ சிட் ஹியர்?' என்று கேட்டவருக்கு 'யெஸ், யூ கேன்' என்பதே பதில். கேட்பதில் பணிவு காட்டலாம், கொடுக்கும் அனுமதி தெளிவாக இருக்க வேண்டும். இன்னொன்று: 'மே' தன் செயலுக்கு அனுமதி கேட்க மட்டும். கதவைத் திறக்கும்படி மற்றவரைக் கேட்க 'மே யூ ஓப்பன் த டோர்?' என்று சொல்லக் கூடாது. 'குட் யூ ஓப்பன் த டோர், ப்ளீஸ்?' என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: 'லாம்' ஏமாற்றும் இடங்கள்

தமிழைக் கேளுங்கள் என்று சொன்னேன். தமிழும் ஓரிரு இடங்களில் காலை வாரிவிடும்.

என் மாணவி ஒருவர், ஐம்பதை நெருங்கும் அக்கா, ஒரு தங்கும் விடுதியில் துணி துவைக்கும் பிரிவுக்கு வேலை கேட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாக வரலாம் என்ற எண்ணத்தில் அவர் 'ஐ மே கம் ஆன் சண்டே' என்றார். கேட்டவர் காதில் அது 'ஒருவேளை வந்தாலும் வருவேன்' என்று விழுந்தது. அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. மறுநாள் வகுப்பில் அவர் கேட்ட கேள்வி இன்னும் என் நினைவில் இருக்கிறது: "வரலாம் என்றுதானே சொன்னேன், டீச்சர்? அதில் என்ன தவறு?"

தவறு அவருடைய மனதில் இல்லை. 'மழை வரலாம்' என்கிறோம். அங்கே அனுமதி ஏது? 'லாம்' ஐயத்தையும் காட்டும், 'மே'யும் காட்டும். தன்னைப் பற்றிச் சொல்லும்போது இந்த ஐயப் பொருள்தான் முன்னால் வந்து நிற்கும். ஆகவே உங்களால் முடியும் என்று உறுதி சொல்ல 'ஐ கேன் கம் ஆன் சண்டே' என்றே சொல்லுங்கள்.

இன்னோர் இடம்: 'வாருங்கள், போகலாம்.' இது அழைப்பு. 'வி மே கோ' அல்ல, 'லெட்ஸ் கோ'.

ஆறாம் படி: திறமை இருக்கிறது, அனுமதி இல்லை

மலேசியாவில் கார் உரிமம் எடுக்க 17 வயதாக வேண்டும். 16 வயதுப் பையனுக்கு ஓட்டத் தெரிந்திருக்கலாம், ஆனால் ஓட்டக் கூடாது. இதை 'ஹி கேன் டிரைவ், பட் ஹி கேனாட் டிரைவ்' என்று சொன்னால் கேட்பவர் விழிப்பார். திறமையும் அனுமதியும் ஒரே பேச்சில் மோதும்போது அனுமதிக்கு 'அலவ்ட் டு' என்பதைக் கொண்டுவாருங்கள்: 'ஹி கேன் டிரைவ், பட் ஹி இஸ் நாட் அலவ்ட் டு.' தமிழில் 'கூடாது' வரும் இடம் என்றால் 'நாட் அலவ்ட்' பொருந்தும். பினாங்கு விடுதிகளின் வாசலில் கடும் வாசனை வீசும் டுரியான் பழத்தின் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லாக மாற்றினால் 'யூ ஆர் நாட் அலவ்ட் டு பிரிங் டுரியான்ஸ் இன்'.

ஏழாம் படி: நேற்றும் நாளையும்

'கேன்' என்பதன் இறந்த காலம் 'குட்'. ஆனால் அது நீடித்திருந்த திறமைக்கு உரியது. 'மை கிராண்ட்மதர் குட் ஸ்விம்' என்றால் பாட்டிக்கு அந்தக் காலத்தில் நீந்தத் தெரியும். ஒரு நாள், ஒரு முறை முயன்று சாதித்ததைச் சொல்ல 'வாஸ் ஏபிள் டு' வேண்டும். கடைசிப் படகை ஓடிப் பிடித்தீர்கள் என்றால் 'ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த லாஸ்ட் ஃபெரி'. தமிழில் 'பிடிக்க முடிந்தது' என்று வந்தால், அதாவது செயல் நடந்து முடிந்திருந்தால், இந்த வடிவம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்மறையில் இந்தத் தொல்லை இல்லை. 'குட் நாட்' இரண்டுக்கும் பொருந்தும். முதல் பினாங்குப் பாலம் 1985இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து காரைப் படகில் ஏற்றித்தான் தீவுக்குக் கொண்டுவர வேண்டும். 'பிஃபோர் 1985, பீப்பிள் குட் நாட் டிரைவ் அக்ராஸ்.'

நாளைக்கு 'வில் கேன்' கிடையாது. 'வில்', 'கேன்' போன்ற இரண்டு துணைவினைகள் அருகருகே நிற்காது. 'ஐ வில் பி ஏபிள் டு ஸ்பீக்' என்பதே வடிவம். அனுமதி என்றால் 'ஐ வில் பி அலவ்ட் டு'.

வீட்டில் செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றை முதலில் வாய்விட்டுத் தமிழில் படியுங்கள். முடிவைக் கவனியுங்கள். பிறகு விடையை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

என் மகளுக்குச் சமைக்கத் தெரியும். 'மை டாட்டர் கேன் குக்.'
சற்று முன்னதாகப் புறப்படலாமா, சார்? 'மே ஐ லீவ் எர்லி, சார்?'
இங்கே வண்டியை நிறுத்தக் கூடாது. 'யூ ஆர் நாட் அலவ்ட் டு பார்க் ஹியர்.' 'யூ கேனாட் பார்க் ஹியர்' என்றாலும் சரி.
நேற்று அவரைப் பார்க்க முடிந்தது. 'ஐ வாஸ் ஏபிள் டு மீட் ஹிம் யெஸ்டர்டே.'
ஞாயிற்றுக்கிழமை என்னால் வேலைக்கு வர முடியும். 'ஐ கேன் வர்க் ஆன் சண்டே.'

கடைசி வாக்கியத்தை அந்த அக்கா பத்து முறை எழுதி வைத்துக்கொண்டு வேறொரு விடுதிக்குப் போனார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வேலை செய்கிறார். வகுப்புக்கும் செவ்வாய், வியாழன் தவறாமல் வருகிறார்.