கடலூர் மாவட்ட இளநிலை மாணவர்கள் கல்வி உதவித்தொகை பெறுவது எப்படி? முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிளஸ் டூ முடித்துப் பட்டப்படிப்பில் சேரும் மாணவருக்கு மாநில அரசு, ஒன்றிய அரசு, பெற்றோர் பதிவு செய்துள்ள நலவாரியம் என மூன்று இடங்களிலிருந்து உதவி கிடைக்க வழி இருக்கிறது. தகுதி இருந்தும் பணம் வந்து சேராத மாணவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஆவணங்களில் பெயர் மாறி இருப்பதும் வங்கிக் கணக்கு சரியாக இணைக்கப்படாததுமே அதற்குக் காரணமாக இருக்கின்றன. ஆகவே திட்டங்களைத் தேடுவதற்கு முன்னால், தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே முதல் இரண்டு படிகளையும் முடித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: எல்லா ஆவணங்களிலும் ஒரே பெயர்

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 'கவிதா ச' என்றும், ஆதாரில் 'கவிதா சண்முகம்' என்றும், வங்கிப் புத்தகத்தில் 'ச. கவிதா' என்றும் இருந்தால் நமக்கு அவர் ஒருவரே. கணினிக்கு அவர்கள் மூன்று பேர். முன்னெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, புள்ளி இருக்கிறதா, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா, பிறந்த தேதி மாறாமல் இருக்கிறதா என்று மூன்றையும் மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழைத் திருத்துவது நீண்ட வேலை என்பதால், அதில் உள்ளபடியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொள்வது எளிது. ஆதார் சேவை மையத்துக்குச் செல்லும்போதே, தற்போது பயன்படுத்தும் கைப்பேசி எண்ணையும் ஆதாரில் பதிந்துவிடுங்கள். இனி வரும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும்.

படி 2: வங்கிக் கணக்கில் ஆதார் 'சீடிங்'

இந்தப் படியில்தான் மிக அதிகமானோர் இடறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகலைக் கொடுத்திருப்பீர்கள். அது உங்களை அடையாளம் காண்பதற்காக வங்கி வாங்கிய நகல் மட்டுமே. அரசு உதவித்தொகை இந்தக் கணக்குக்கு வர வேண்டுமென்றால், தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பதிவேட்டில் உங்கள் ஆதார் எண்ணுக்கு நேராக இந்த வங்கியின் பெயர் இடம்பெற வேண்டும். அதற்குத் தனியாக ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். வங்கிக்குச் சென்றால் “ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், “அரசு மானியம் வருவதற்கான சீடிங் ஆகியிருக்கிறதா?” என்று கேளுங்கள்.

வீட்டிலிருந்தும் இதைச் சரிபார்க்கலாம். 'மை ஆதார்' இணையதளத்தில் ஓ.டி.பி. கொடுத்து நுழைந்து, 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்ற பகுதியைத் திறந்தால், வங்கியின் பெயரும் இணைப்பு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். ஒரு நேரத்தில் ஒரு வங்கி மட்டுமே இந்தப் பதிவேட்டில் இருக்க முடியும். பள்ளிக் காலத்தில் தொடங்கிய பழைய கணக்கின் வங்கிப் பெயர் அங்கே தெரிந்தால், அந்தக் கணக்கு முடங்கிக் கிடக்கிறதா என்பதை உடனே பாருங்கள்; வாடிக்கையாளர் 2 ஆண்டுகள் தொடர்ந்து வரவு செலவு செய்யாத கணக்கை வங்கிகள் செயல்படாத கணக்காக வகைப்படுத்திவிடும். அருகில் வங்கிக் கிளை இல்லாத ஊர்களில், அஞ்சல்காரர் மூலமாகவே இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கைத் தொடங்கி இணைத்துக்கொள்ளலாம்.

படி 3: சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் இ-சேவை மையத்தில் ஒரே நடையில் விண்ணப்பித்துவிடலாம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடமும் வருவாய் ஆய்வாளரிடமும் சென்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதல் பெறும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதல் பட்டதாரிச் சலுகையை ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் பயன்படுத்த முடியும். அக்காவோ அண்ணனோ ஏற்கெனவே பெற்றிருந்தால் தம்பி தங்கைகளுக்குக் கிடைக்காது.

படி 4: மாநில அரசின் உதவிகள்

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு, 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மாணவர்களுக்கு அதே தொகையை வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டுள்ளனர். சாதியோ வருமானமோ இங்கே கேட்கப்படுவதில்லை. வேறு உதவித்தொகை பெறுபவரும் இதைப் பெறலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்லும் என்பதால், சேர்க்கை முடிந்ததும் இதற்குப் பொறுப்பான பேராசிரியர் யார் என்று கேட்டு அவரை நேரில் பாருங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை உண்டு. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் மாணவர்கள் தொழிற்படிப்புகளுக்கு உதவி பெறவும் இதே வருமான வரம்புதான். ஆனால் தேவனாம்பட்டினத்தில் உள்ள பெரியார் அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிக்கும் இந்தப் பிரிவினருக்கு, இலவசக் கல்வித் திட்டத்தின்கீழ் வருமான நிபந்தனை கிடையாது. இதை அறியாமல், சம்பளம் கூடுதலாக இருக்கிறதே என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. இந்த விண்ணப்பங்களுக்கு யு.எம்.ஐ.எஸ். எண் (உயர்கல்வி மாணவர்களின் விவரங்களைப் பதியும் அரசு இணையதளத்தில் தரப்படும் அடையாள எண்) தேவை, அதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பெறுங்கள்.

பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது.

புதுச்சேரிக்குச் சென்று படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகத் தொழிற்படிப்பில் சேருவோருக்கான பெருந்தலைவர் காமராஜர் நிதியுதவித் திட்டம் புதுச்சேரியைச் சேர்ந்த மாணவர்களுக்கானது. பேருந்தில் தினமும் கடலூரிலிருந்து போய்வருபவர் அதைக் கேட்க முடியாது. ஆனால் காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால், அங்கே படிக்கும் தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசே ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் இருக்கிறது. இதற்கும் வருமான வரம்பு 2.5 லட்சம், கடலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் விவரம் கேளுங்கள்.

படி 5: ஒன்றிய அரசின் உதவிகள்

தேசிய உதவித்தொகை இணையதளத்தில் முதலில் ஒருமுறைப் பதிவு செய்ய வேண்டும். ஆதார் எண்ணும் முகப் பதிவும் சரிபார்க்கப்பட்ட பிறகு 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். படிப்புக் காலம் முழுவதும் அதுதான் உங்கள் எண்.

பிளஸ் டூ தேர்வில் முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்து, குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், கல்லூரி மாணவர்களுக்கான மையத் திட்டத்தில் ('சென்ட்ரல் செக்டார் ஸ்கீம்') ஆண்டுக்கு 12,000 ரூபாய் கோரலாம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்பப் படிப்பில் முதலாண்டு சேரும் மாணவியருக்குப் 'பிரகதி' திட்டத்தில் ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு 'சக்ஷம்' என்ற பெயரில் அதே தொகை உண்டு.

விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிவதில்லை. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் அதைத் தம் கணக்கில் திறந்து ஒப்புதல் தந்தால்தான் அடுத்த நிலைக்குப் போகும். அச்சிட்ட விண்ணப்பத்தையும் சான்றிதழ் நகல்களையும் அவரிடம் கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை இணையத்தில் நிலையைப் பாருங்கள். 'டிஃபெக்டிவ்' (குறை உள்ளது) என்று திரும்பி வந்திருந்தால், காரணத்தைப் படித்துக் கெடு முடிவதற்குள் திருத்தி மீண்டும் அனுப்ப வேண்டும்.

பெற்றோரின் அட்டையையும் எடுத்துப் பாருங்கள்

அப்பா கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்திலோ, அம்மா வேறொரு அமைப்புசாரா நலவாரியத்திலோ பதிவு செய்திருந்தால், பிள்ளைகளின் பட்டப்படிப்புக்கு அந்த வாரியம் உதவி தருகிறது. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இத்தகைய உதவி உண்டு. பண்ருட்டி முந்திரித் தோப்பில் கூலிக்குப் போகும் பெற்றோரிடம் இந்த அட்டை பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். ஆனால் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகியிருக்கும். அதைப் புதுப்பித்த பின்னரே விண்ணப்பியுங்கள்.

இரண்டாம் ஆண்டில்

உதவித்தொகை தானாகத் தொடராது. ஆண்டுதோறும் புதுப்பித்தல் விண்ணப்பம் தர வேண்டும். மையத் திட்டத்தைத் தொடர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் தேவை. வங்கிக் கணக்கை இடையில் மாற்றினால் புதிய வங்கியில் சீடிங் செய்து, 'மை ஆதார்' தளத்தில் அந்த வங்கியின் பெயர் தெரிகிறதா என்று பார்த்த பிறகே புதுப்பித்தல் விண்ணப்பத்தை அனுப்புங்கள்.